தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே மேசையில்: வேளாண்மையிலும் இயற்கை வளத்திலும் தலைமைப் பயிற்சி

வாய்க்காலின் முதல் வயல்காரருக்குக் கூட்டம் தேவையில்லை. தண்ணீர் அவரைத் தேடி வந்துவிடும். கடைசி வயல்காரர்தான் கூட்டம் போடச் சொல்வார், மனு எழுதுவார், ராத்திரியில் டார்ச் விளக்கோடு போய் மதகு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, 'சரி, முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வோம்' என்ற வார்த்தையைத் தலைமடைக்காரர் வாயிலிருந்தே வரவழைக்க ஒருவரால் முடிந்தால் அவர்தான் தலைவர். வேளாண்மையில் தலைமை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சங்கத்தில் ஒரு பதவி இருக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருக்காது. சம்பளம் கிடையாது. கூட்டத்தில் யாரை எதிர்த்துப் பேசினாரோ அவரையே மறுநாள் காலை வரப்பில் பார்த்தாக வேண்டும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போயாக வேண்டும்.

இப்படிப்பட்டவர்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியும் என்று நம்பிப் பல நாடுகள் பல பத்தாண்டுகளாகப் பணமும் காலமும் செலவழித்து வருகின்றன. விவசாயிகள், மீனவர்கள், கால்நடை வளர்ப்போர், காடு சார்ந்து வாழ்வோர், பாசனத்திலும் வனத்துறையிலும் வேலை செய்வோர் என எல்லாரையும் கலந்து உட்காரவைக்கும் தலைமைப் பயிற்சிகள் இவை. எங்கிருந்து வந்தன, உள்ளே என்னதான் நடக்கிறது, எங்கே தடுக்கி விழுகின்றன என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கம்பெனிப் பாடம் ஏன் ஒத்துவராது

தலைமை என்றதும் நினைவுக்கு வருவது அலுவலகத் தலைமை. அங்கே மேலாளருக்குச் சில கருவிகள் உண்டு. வேலைக்கு எடுக்கலாம், நீக்கலாம், ஊதியம் உயர்த்தலாம், இடம் மாற்றலாம். ஏரியிலோ காட்டிலோ மீன்பிடிக் கரையிலோ இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வயல்காரரை யாரும் பணிநீக்கம் செய்ய முடியாது.

வளத்தின் குணமும் வேறு. மீன் எல்லை தாண்டிப் போகும். நிலத்தடி நீர் வேலிக்குக் கீழே ஓடும். ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டால் இன்னொருவர் கிணறு வற்றும். பலன் கிடைக்கும் காலமும் நீளமானது. இன்று மரம் வெட்டாமல் விட்டுக்கொடுப்பவர் ஒருவர், 30 ஆண்டு கழித்து அதன் பலனை எடுப்பவர் வேறொருவர். போதாக்குறைக்கு, முழு உண்மை யாரிடமும் இருப்பதில்லை. நீரோட்டமும் பருவமும் மீனவருக்குத் தெரியும். மீன்வளத்தின் மொத்தக் கணக்கு விஞ்ஞானிக்குத் தெரியும். சட்டம் அதிகாரிக்குத் தெரியும்.

பொதுவில் உள்ள வளம் எப்படியும் நாசமாகத்தான் போகும் என்று ஒரு காலத்தில் படித்தவர்கள் பலர் உறுதியாக நம்பினார்கள். அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன வழி. அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் இந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் வாலென்சியா பாசன வாய்க்கால்கள், ஜப்பானியக் கிராமக் காடுகள் ஆகியவற்றை மக்கள் தாங்களே விதி போட்டு நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வந்ததை அவர் ஆதாரத்தோடு காட்டினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நிலைத்து நின்ற அமைப்புகளில் அவர் கண்ட பொது அம்சங்கள் மிக எளிமையானவை. விதியை, பயன்படுத்துபவர்களே சேர்ந்து போட வேண்டும். கண்காணிப்பு வேண்டும். முதல் தப்புக்குச் சின்ன தண்டனை, திரும்பச் செய்தால் பெரியது. சண்டை வந்தால் செலவில்லாமல், சீக்கிரம் தீர்க்க ஓர் இடம் வேண்டும்.

படிக்க எளிமைதான். ஆனால் அந்தக் கூட்டத்தை முதலில் கூட்டுவது யார்? தன் மச்சானே விதியை மீறும்போது அபராதம் போடச் சொல்வது யார்?

இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் சொன்ன ஆய்வு ஒன்று 2011-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 44 நாடுகளில், மீனவர்களும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் 130 மீன்வளங்களை நிக்கோலஸ் குட்டியரெஸ், ரே ஹில்போர்ன், ஒமர் டெஃபியோ ஆகிய மூவரும் எடுத்துப் பார்த்தார்கள். எது இருந்த இடங்களில் மீன்வளம் தப்பிப் பிழைத்தது என்பதுதான் கேள்வி. முதல் இடத்தில் வந்தது நல்ல உள்ளூர்த் தலைமை. யார் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு, சமூக ஒற்றுமை, பாதுகாக்கப்பட்ட பகுதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தலைமைப் பயிற்சி நடத்துபவர்களுக்கு இந்த ஆய்வு வரம்போல் வாய்த்தது. ஆனால் அதில் உறுத்தலான ஒரு விஷயமும் இருக்கிறது. ஊரார் மதிக்கும், சொந்த நலனைத் தாண்டி உழைக்கும் ஒருவராவது அங்கே இருந்தாரா என்பதுதான் அவர்கள் தலைமையை அளந்த விதம். ஒரு மீன்வளத்தின் தலையெழுத்து ஒரு ஆளின் ஆயுளில் தொங்குகிறது என்றால் அது நல்ல செய்தியா? நல்ல பயிற்சித் திட்டங்கள் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகின்றன. சாதாரணத் திட்டங்கள் அதை எழுப்புவதே இல்லை.

பாட்டும் பேச்சும் கற்றுக்கொடுத்த பள்ளிகள்

இந்தப் பயிற்சிகளின் வேரைத் தேடினால் 19-ஆம் நூற்றாண்டு டென்மார்க்குக்குப் போக வேண்டியிருக்கிறது. பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக்கின் யோசனையிலிருந்து பிறந்தவை அந்த நாட்டின் மக்கள் பள்ளிகள். முதல் பள்ளி 1844-ல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. வேளாண் குடும்பத்து இளைஞர்கள் வேலை குறைவான குளிர்காலத்தில் வந்து தங்கிப் படித்தார்கள். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. பயிர் வளர்ப்பதைவிட வரலாறும் இலக்கியமும் கூட்டுப் பாட்டும் பேச்சும்தான் முக்கியப் பாடம். இதற்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள்.

1870-களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் வந்து ஐரோப்பியச் சந்தையில் குவிந்தது. டென்மார்க் விவசாயிகள் தானியத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் பாலுக்கும் வெண்ணெய்க்கும் மாறினார்கள். 1882-ல் ஜட்லாண்டின் ஜெட்டிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை எழுந்தது. 1900 வாக்கில் நாடு முழுக்க ஏறத்தாழ 1,000 பால்பண்ணைகள். அவற்றில் ஒரு விதி இருந்தது: ஓட்டு ஆளுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று அல்ல. ஐம்பது மாடு வைத்திருந்தவருக்கும் இரண்டு மாடு வைத்திருந்தவருக்கும் ஒரே ஓட்டு.

இந்தக் கூட்டுறவு இயக்கத்துக்குப் பள்ளிகள் எவ்வளவு காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. பால் பிரிக்கும் இயந்திரம் வந்ததும் ஒரு காரணம், பிரிட்டனின் சந்தையும் ஒரு காரணம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சபையில் எழுந்து பேசிப் பழகாத ஒரு தலைமுறை, பெரிய பண்ணைக்காரரின் முகத்துக்கு நேரே 'உங்களுக்கும் ஒரு ஓட்டுதான்' என்று சொல்லியிருக்குமா? பாட்டும் வரலாறும் அந்தத் தொண்டையைத் திறந்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இதே வேலை வேறு முகத்தோடு நடந்தது. மோசஸ் கோடி என்ற பாதிரியார், செயிண்ட் ஃபிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை வழியாக 1920-களின் இறுதியிலிருந்து மீனவர்களையும் விவசாயிகளையும் சுரங்கத் தொழிலாளர்களையும் சிறு படிப்பு வட்டங்களாகச் சேர்த்தார். முதலில் ஊர்க் கூட்டம். பிறகு வீட்டுச் சமையலறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தங்கள் கடன், விலை, வியாபாரம் பற்றிப் படிப்பது. அதன்பின் கடன் சங்கமோ, சிங்கி இறால் பதப்படுத்தும் கூட்டுறவுத் தொழிற்சாலையோ தொடங்குவது. பல்கலைக்கழகம் இருந்த ஊரின் பெயரால் அது ஆன்டிகோனிஷ் இயக்கம் ஆயிற்று. தலைமைப் பயிற்சி என்று அதற்கு யாரும் பலகை மாட்டவில்லை.

பலகை மாட்டிய திட்டங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தன. மோட்டார் கார் தயாரித்துப் பணக்காரரான நஃபீல்ட் பிரபுவின் பெயரில் பிரிட்டனில் 1947-ல் விவசாயிகளுக்கான பயண உதவித்தொகை தொடங்கியது. விவசாயி தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வெளிநாடு போய்ப் பார்த்து, திரும்பி வந்து அறிக்கை கொடுக்க வேண்டும். பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று அது பரவியது. அமெரிக்காவில் 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் கெல்லாக் அறக்கட்டளையின் பணத்தில் விவசாயிகளுக்கென ஒரு நீண்ட படிப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. விளைச்சலில் கெட்டிக்காரர்களான விவசாயிகள், வரி, வணிகம், நீர்ச் சட்டம் போன்ற பொது விவகாரங்களில் பேச்சற்றுப் போய்விடுகிறார்கள் என்பதுதான் அதன் பின்னாலிருந்த கவலை. முதலில் சொந்த மாநிலம், பிறகு நாடு, அப்புறம் வெளிநாடு என்று வட்டம் வட்டமாகக் கூட்டிப்போனார்கள். இன்றுள்ள பல திட்டங்கள் இந்த அச்சில் வார்த்தவைதான். கலிஃபோர்னியாவில் 1970-ல் ஒன்று, நியூசிலாந்தில் 1979-ல் ஒன்று. ஆஸ்திரேலியாவில் கிராமப்புறத் தலைமைக்கென்றே ஓர் அறக்கட்டளை 1992-ல் தொடங்கியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிர்வாகப் பயிற்சி வேறு, தலைமைப் பயிற்சி வேறு. 1979-ல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் கூட்டுறவுகளுக்கு மேலாளர்களை உருவாக்குவதற்காக வந்தது. வேண்டிய வேலைதான். ஆனால் அந்த ஊரில் 1946-ல் பால் உற்பத்தியாளர்களைத் திரட்டியவர் திரிபுவன்தாஸ் படேல். தொழிலையும் நிர்வாகத்தையும் பிறகு வந்து கையில் எடுத்தவர் வர்கீஸ் குரியன். விவசாயிகள் நம்பிய ஒருவரும் தொழில் தெரிந்த ஒருவரும் சேர்ந்ததால்தான் அது நின்றது. மேலாளருக்கான பாடத்தை விவசாயத் தலைவருக்கு நடத்திவிட்டுப் பலன் இல்லையே என்று சலித்துக்கொள்ளும் பயிற்சிகள் நிறைய.

உள்ளே என்ன நடக்கிறது

பொதுவான அமைப்பு இது. இருபது முப்பது பேர் கொண்ட ஒரு குழு. ஒன்றோ இரண்டோ ஆண்டுகள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு நாட்கள், ஒவ்வொரு தடவையும் வேறு ஊரில். பழ விவசாயி, மாட்டுப் பண்ணைக்காரர், மரம் வெட்டும் தொழில் செய்பவர், வனத்துறை ஊழியர், மீனவர், பூர்வகுடிப் பிரதிநிதி, சூழல் அமைப்பில் வேலை பார்ப்பவர் என்று ஆட்களைக் கலந்து எடுப்பார்கள். ஒரே பயிர்க்காரர்களை மட்டும் சேர்த்தால் அது சங்கக் கூட்டம் ஆகிவிடும்.

கூட்டம் நடத்துவது, பட்ஜெட் படிப்பது, மூன்று வாக்கியத்தில் செய்தியாளரிடம் விஷயத்தைச் சொல்வது, சட்டமன்றக் குழுவின் முன் பேசுவது எல்லாம் பாடத்தில் உண்டு. நூல்பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடும் சமாச்சாரங்களும் உண்டு. அவற்றை நான் பொறுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பேச்சுவார்த்தைப் பாடம்தான் இவற்றில் கனமானது. மனிதர்கள் சண்டைக்கு வரும்போது நிலைப்பாட்டோடு வருகிறார்கள். 'எனக்கு இரண்டு மாதம் முழுக்கத் தண்ணீர் வேண்டும்' என்பது ஒரு நிலைப்பாடு. ஏன் என்று நாலு தடவை பொறுமையாகக் கேட்டால், நட்ட பயிர் வேர் பிடிக்கும் இரண்டு வாரத்தில் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற பயம் அதற்கு அடியில் இருக்கும். அந்த இரண்டு வாரத்துக்கு உத்தரவாதம் கிடைத்தால் மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இதைப் புத்தகத்தில் படித்தால் புரியும். கோபத்தில் இருக்கும் போது கைக்கு வராது. அதனால் வேடம் மாற்றிப் பேசவைக்கிறார்கள். பாசன விவசாயி, ஆற்று மீனைக் காப்பாற்ற வந்தவராக ஒரு மணி நேரம் வாதாட வேண்டும். நடிப்பு என்றுதான் ஆரம்பிக்கும். பாதியில் சிலருக்குக் குரல் மாறிவிடும்.

பயணத்தின் பங்கு இன்னும் பெரியது. எதிர்த்தரப்பு வாழும் இடத்துக்கே குழுவைக் கூட்டிப்போவது பல திட்டங்களின் வழக்கம். இதைச் சுற்றுலா என்று கேலி செய்பவர்கள் உண்டு. நிகழ்ச்சி நிரலில் உள்ள உரைகளை விட, இரண்டு ஊருக்கு நடுவே பஸ்ஸில் கழியும் மணிநேரங்களில்தான் பாதிப் பாடம் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். சண்டை போட்ட இருவர் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். பேசிய பிறகு பழையபடி திட்டுவது கஷ்டம்.

அறிவியலின் மொழியைக் கற்றுத்தரும் பயிற்சிகள் தனி ரகம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் 1992-ல் காட் மீன்பிடிப்பு முற்றாகத் தடை செய்யப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். மீன் குறைந்து வருகிறது என்று கரையோரச் சிறு மீனவர்கள் 1980-களிலேயே சொல்லி வந்தார்கள். அவர்கள் பேச்சு, மீன் இருப்பை மதிப்பிடும் கணக்கின் மொழியில் இல்லாததால் எடுபடவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 2001-ல் மீனவர்கள் முன்னின்று தொடங்கிய கடல்வளக் கல்வித் திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. மீன் இருப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள், ஒதுக்கீடு எந்தக் குழுவில் முடிவாகிறது, அங்கே எப்போது பேசினால் காதில் விழும் என்பதையெல்லாம் மீனவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். விஞ்ஞானியும் அதிகாரியும் ஆசிரியர்களாக வந்து நிற்பதால் அவர்களும் கொஞ்சம் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இந்தோனேசியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே நெல்லில் புகையான் என்ற பூச்சி பெருகியதற்கு அளவுமீறிய பூச்சிமருந்தே காரணம், அது புகையானைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் கொன்றுவிடுகிறது என்பது தெரிந்தது. 1986-ல் அரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989-ல் ஐநா உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருமுறை, ஒரு பருவம் முழுக்க, சுமார் 25 பேர் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே விவாதித்து முடிவெடுப்பார்கள். 'இது என்ன பூச்சி?' என்று கேட்டால் பயிற்சியாளர் பெயர் சொல்ல மாட்டார். 'எங்கே பார்த்தீர்கள்? என்ன தின்றுகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லிப் பழகியவர்களில் பலர் பின்னால் தாங்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள், சங்கம் கட்டினார்கள். பூச்சி எண்ண வந்தவர்கள் தலைவர்களாகிப் போனார்கள்.

கல்லோயாவில் நடந்தது

எனக்குப் பிடித்த உதாரணம் இலங்கையின் கல்லோயா. பெரிய நீர்த்தேக்கம், அதன் இடதுகரைப் பாசனம் 1980 வாக்கில் மிக மோசமாகக் கிடந்தது. வாய்க்கால் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைமடையில் தண்ணீர் வீணாகவும் கடைமடை காய்ந்தும் இருந்தன. மேல்பகுதியில் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். அன்றைய சூழ்நிலையில் இதைவிடச் சிக்கலான வாய்க்கால் இருக்க முடியாது.

கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டம் பெற்ற இளைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து 1981-ல் ஊர்களுக்குள் அனுப்பின. அவர்களுக்கு இட்ட முக்கியக் கட்டளை, போனவுடன் சங்கம் தொடங்கக் கூடாது என்பது. முதலில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். பிறகு வாய்க்காலைத் தூர்வாருவது போல ஒரு வேலையைச் சேர்ந்து செய்யவைக்க வேண்டும். வேலை நடக்கட்டும், அமைப்பு பிறகு தானாக வரட்டும். பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஓட்டுப்பெட்டி வைக்கவில்லை. வாய்க்காலில் உள்ள எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர் கிடைக்கும்வரை பேசினார்கள். கட்சிக்காரர்கள் இந்த முறையில் எளிதில் உள்ளே வர முடியவில்லை. அந்தப் பொறுப்புக்குச் சம்பளமும் இல்லை.

அந்தப் பருவத்தில் நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் சண்டை கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சில வாரங்களுக்குள் பெரும்பாலான வயல் வாய்க்கால்களில் விவசாயிகள் தூர்வாரினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். வாங்கிக்கொண்டவர்களில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள்.

அனுப்பப்பட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் நிரந்தர அரசு வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். திட்டக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. ஆனால் வாய்க்கால் பிரதிநிதிகள் போகவில்லை. போக இடமும் இல்லை; அவர்கள் வயல் அங்கேதானே இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு

பயிற்சியின் கடினமான பாகம் பயிற்சிக்குள் இல்லை, வீடு திரும்பும் நாளில் தொடங்குகிறது. ஒரு வருஷம் எதிர்த்தரப்போடு பழகி, அவர்கள் பக்கத்து நியாயத்தையும் புரிந்துகொண்டு வந்தவரை ஊர் எப்படிப் பார்க்கும்? 'அங்கே போய் அவங்க ஆளாயிட்டான்' என்பதுதான் முதல் விமர்சனமாக வரும். பயிற்சி வெற்றி பெற்றதற்கான அடையாளமே ஊரில் சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன், கலிஃபோர்னியா எல்லையில் ஓடும் கிளாமத் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 வறட்சியில், அழியும் நிலையிலிருந்த மீன்களுக்காக விவசாயிகளின் பாசனத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பல்லாயிரம் சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. இரண்டு பக்கமும் அடிபட்ட பிறகு பாசன விவசாயிகள், பூர்வகுடிகள், மீனவர்கள், சூழல் அமைப்புகள் எனப் பல தரப்புத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசி 2010-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பகையாளிகள் ஒரே தாளில் கையெழுத்திட்டது லேசான விஷயம் இல்லை. ஆனால் விவசாயப் பகுதிக்குள்ளேயே அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஹூப்பா பூர்வகுடியினர் கையெழுத்திடவே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் 2015 முடிவோடு ஒப்பந்தம் காலாவதியானது. அணைகளை அகற்றும் பகுதி மட்டும் வேறு வழியில் தொடர்ந்தது. 2024-ல் நான்கு அணைகளும் அகற்றப்பட்டன. தண்ணீர்ப் பங்கீடு இன்னும் தீராத விவகாரம்தான்.

மேசையில் உட்கார்ந்த தலைவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட வேகத்தில் அவர்கள் பின்னால் நின்ற ஊர்கள் நகரவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்த இடைவெளி ஓரளவு நிரம்பியது. அங்கே 1989-ல் தேசிய விவசாயிகள் கூட்டமைப்பும் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சூழல் அமைப்பும் சேர்ந்து போய்ப் பிரதமரிடம் நிலவளப் பாதுகாப்புக்குப் பணம் கேட்டன. அதற்கு மூன்று ஆண்டு முன்பே விக்டோரியா மாநிலத்தில் 'லேண்ட்கேர்' என்ற பெயரில் ஊர்க் குழுக்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. மேலே தலைவர்கள் கைகுலுக்கியபோது கீழே மண்ணில் கை வைத்தவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இன்னொரு சிக்கல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு நாள் வீட்டை விட்டு வர யாரால் முடியும்? வேலையாள் வைக்க வசதி உள்ளவரால் முடியும். இரண்டு வேளையும் பால் கறந்தாக வேண்டியவரால் முடியாது, கூலி வேலை செய்பவரால் முடியாது, கைக்குழந்தை வைத்திருப்பவரால் முடியாது. அதனால் பல திட்டங்கள் ஏற்கெனவே செல்வாக்குள்ளவர்களை இன்னும் செல்வாக்கானவர்களாக்கி அனுப்புகின்றன. வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பில் சராசரியாக 43 சதவீதம் பெண்கள் என்று ஐநா உணவு, வேளாண் அமைப்பு 2011-ல் சொன்னது. ஆனால் உலகில் நிலத்தை வைத்து நிர்வகிப்போரில் பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. 'நில உரிமையாளர்கள் விண்ணப்பிக்கலாம்' என்ற ஒரு வரியே பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிடும்.

ஒரு பெண்ணை மட்டும் குழுவில் சேர்த்துக் கணக்குக் காட்டுவதும் உதவாது. இந்தியாவிலும் நேபாளத்திலும் வனக் குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், குழுவில் பெண்கள் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை எட்டும்போதுதான் அவர்கள் கூட்டத்துக்கு வருவதும் வாய் திறப்பதும் நன்றாகக் கூடுகிறது என்று கண்டார். பெண்கள் அதிகமிருந்த குழுக்களின் காடுகள் மேம்பட்டும் இருந்தன. நேபாளத்தின் சமூகக் காடு வழிகாட்டி நெறிகள் 2009-லிருந்து நிர்வாகக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்கின்றன. பேசக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இன்னும் நாலு பேர் இருக்கிற நாற்காலி வேண்டும்.

வயதும் நெருக்குகிறது. அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 2022 கணக்கெடுப்பில் 58.1. ஜப்பானில் விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 2020-ல் ஏறத்தாழ 68. சங்கத் தலைவர் பதவியை இருபது வருஷமாக ஒருவரே வைத்திருந்தால் பயிற்சி முடித்த முப்பது வயதுக்காரர் திரும்பி வந்து எதற்குத் தலைமை தாங்குவார்? இளையவரை அனுப்புவதோடு, பதவியை எப்போது விடுவது என்று மூத்தவருக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம்.

அப்புறம், பலனை அளப்பது. பெரும்பாலான மதிப்பீடுகள் பயிற்சி முடித்தவர்களிடமே 'பயன்பட்டதா?' என்று கேட்கின்றன. அவர்கள் ஆமாம் என்கிறார்கள். அதற்கு மேல், தேர்வாகி வந்தவர்கள் பயிற்சி இல்லாவிட்டாலும் தலைவர்களாகியிருக்கக் கூடியவர்களே. எந்தப் பங்கு பயிற்சியுடையது என்று பிரிப்பது கடினம். வயல்வெளிப் பள்ளிகளில் மட்டும் ஓரளவு கறாரான ஆய்வுகள் நடந்தன. 2014-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, பள்ளிக்கு வந்தவர்களுக்கு விளைச்சலும் அறிவும் கூடியதையும், பக்கத்து வயல்காரருக்கு அது தானாகப் பரவவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. சிறிய அளவில் நன்றாக நடந்த திட்டம் நாடு தழுவிப் பெருத்ததும் வலுவிழந்தது. ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது.

கல்லோயாவுக்கு மட்டும் ஒரு நீண்டகாலச் சோதனை வாய்த்தது. திட்டம் 1985-லேயே முடிந்துவிட்டது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. 1997 வறண்ட பருவத்தில், நெல் போடும் அளவுக்கு நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இல்லை என்று விவசாயிகளிடம் சொல்லப்பட்டது. வாய்க்கால் பிரதிநிதிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இருக்கும் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வோம் என்று பொறுப்பேற்று, 65,000 ஏக்கரிலும் பயிர் வைத்தார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் விட்ட தண்ணீர் கீழ்மடைத் தமிழ் விவசாயிகளின் வயல்வரை போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு விளைச்சல் வழக்கமான சராசரியைவிடக் கூடுதல்.